அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் 22 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரைக் காணவில்லை. அப்பா மருத்துவர், அம்மா தாதி. இருவரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். சில நாள்களில் ஊருக்கு வெளியே உள்ள காட்டில் ஓர் இளம் கறுப்பினப் பெண்ணின் உடல் கிடைக்கிறது. வழக்கை விசாரிக்கும் காவல்துறைத் தலைமை ஆய்வாளர் அந்தப் பெற்றோருக்குத் தகவல் சொல்லி, உடலை அடையாளம் காட்ட வரச் சொல்கிறார். பிணவறைக்கு வந்து முகத்தைப் பார்த்த தாய், இது தம் மகள் இல்லை என்கிறார்.

மகள் இறக்கவில்லை என்ற நிம்மதி ஒரு கணம்தான். பிறகு அந்தத் தாய் வெடிக்கிறார். கறுப்பினப் பெண் ஒருத்தி காணாமல் போனாள், கறுப்பினப் பெண் ஒருத்தியின் உடல் கிடைத்தது, இரண்டும் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதே அவருடைய கோபத்தின் சாரம். ஆய்வாளரிடம் பதில் இல்லை. அவருக்கே தெரியும், தாம் சரியாகப் பார்க்கவில்லை என்று.

ரூத் ரெண்டல் எழுதி 1994இல் வெளிவந்த ‘சிமிசோலா’ என்ற துப்பறியும் நாவலில் வருகிற காட்சி இது. நம் பெற்றோர் பலருக்கும், ஏன், நம் ஆசிரியர்கள் சிலருக்கும்கூட, துப்பறியும் நாவல் என்றால் பேருந்திலும் ரயிலிலும் பொழுதைப் போக்க உதவும் புத்தகம். தேர்வு முடிந்த பிறகு படிக்கலாம் என்பார்கள். ஆனால் இன உறவு பற்றிய எத்தனையோ பாடங்களும் பிரசார இயக்கங்களும் நமக்குச் சொல்லித்தராத ஒன்றை இந்த நாவல் சொல்லித்தருகிறது என்பது என் கருத்து. ஏனென்றால் இதில் தவறு செய்பவர் கதையின் வில்லன் அல்லர். நாம் நம்பிக்கொண்டிருந்த நல்ல மனிதர்.

முப்பது ஆண்டு நம்பிக்கை

ரூத் ரெண்டல் 1930இல் லண்டனில் பிறந்தவர். இளம் வயதில் எசெக்ஸ் வட்டாரப் பத்திரிகை ஒன்றில் செய்தியாளராக இருந்தார். டென்னிஸ் மன்றம் ஒன்றின் விருந்துக்குப் போகாமலேயே, போனதுபோல் செய்தி எழுதிக் கொடுத்தார். அந்த விருந்தில் பேச வந்தவர் பேச்சின் நடுவிலேயே இறந்துபோனது செய்தியில் இல்லை! வேலையை விட்டு அவர் விலக நேர்ந்தது. நேரில் பார்க்காமல் ஊகித்து எழுதினால் என்ன ஆகும் என்பதை இந்த எழுத்தாளர் சொந்த அனுபவத்தில் அறிந்தவர்.

1964இல் அவருடைய முதல் நாவல் வந்தது. அதில்தான் தலைமை ஆய்வாளர் ரெக் வெக்ஸ்ஃபோர்டும் அவருடைய உதவியாளர் மைக் பர்டனும் அறிமுகமானார்கள். கதை நடப்பது சசெக்ஸ் மாவட்டத்தில் கிங்ஸ்மார்க்கம் என்ற கற்பனை ஊரில். அந்த வரிசை 2013 வரை தொடர்ந்தது. மொத்தம் 24 நாவல்கள். அவற்றில் 16ஆவது ‘சிமிசோலா’.

தமிழில் சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் தொடர்ந்து படித்தவர்களுக்கு இந்த வகை வாசிப்பின் சுவை தெரியும். ஒரே ஆளைப் பல கதைகளில் பின்தொடரும்போது அவர் நமக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். வெக்ஸ்ஃபோர்டும் அப்படித்தான். பெருத்த உடம்பு, நிறைய புத்தகம் படித்த மனம், மனைவி டோரா மீது அன்பு, இரண்டு மகள்களைப் பற்றிய ஓயாத கவலை. கைதிகளிடம்கூடக் கத்தாமல் பேசுபவர். பர்டன் பழைமைவாதி, சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுபவர். வெக்ஸ்ஃபோர்ட் அவரை நிதானப்படுத்துபவர். புத்தகத்துக்குப் புத்தகம் வாசகர் யார் பக்கம் நிற்பார் என்பதில் சந்தேகமே இல்லை.

நீண்ட தொடர் என்றாலே ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதுவது என்று சிலர் குறை சொல்வார்கள். பல தொடர்களுக்கு அது பொருந்தும். ஆனால் தொடரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அது நம்பிக்கையைச் சேர்த்து வைப்பது. 1964 முதல் 1992 வரை 15 நாவல்களில் வெக்ஸ்ஃபோர்டின் கண்ணை நம்பும்படி வாசகரைப் பழக்கியிருக்கிறார் ரெண்டல். மற்றவர்கள் கவனிக்காத சிறு தடயத்தைக் கவனிப்பவர் அவர். மற்றவர்கள் ஒதுக்கும் சாட்சியைக் காது கொடுத்துக் கேட்பவர் அவர். 16ஆவது நாவலில் அந்தக் கண்ணே பொய்த்துப் போகிறது. புதிதாக அறிமுகமான ஓர் அதிகாரி இதே தவறைச் செய்திருந்தால், இவர் மோசமான அதிகாரி என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். வெக்ஸ்ஃபோர்ட் செய்யும்போது அப்படிக் கடந்து போக முடிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் தவறும் வரை நாமும் தவறுகிறோம். காணாமல் போனவர் மெலனி அகாண்டே. கிடைத்தது ஓர் இளம்பெண்ணின் உடல். துப்பறியும் கதை படித்துப் பழகிய வாசகர் அந்த இரண்டையும் தாமே முடிச்சுப் போட்டுவிடுகிறார். தாயின் கோபம் வெக்ஸ்ஃபோர்டைத் தாக்கும்போது அதில் ஒரு பங்கு நம்மீதும் விழுகிறது.

வெறுப்பில்லாத தவறு

நம்மில் பலர் ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படித்திருப்போம். 1960இல் வந்த அருமையான நாவல் அது. ஆனால் அதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு வசதி இருக்கிறது. இனவெறி பிடித்தவர் யார், நியாயவான் யார் என்பது தெளிவாகத் தெரியும். நாம் வழக்கறிஞர் ஆட்டிக்கஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம். புத்தகத்தை மூடும்போது நாம் நல்லவர்கள் என்ற எண்ணம் கலையாமல் அப்படியே இருக்கும்.

‘சிமிசோலா’ அந்த வசதியைத் தருவதில்லை. இந்நாவலிலும் வெளிப்படையான இனவெறுப்பு உண்டு. உள்ளூர்த் தேர்தலில் குடியேறிகளுக்கு எதிரான கட்சியின் சார்பில் போட்டியிடுகிறவர் இருக்கிறார். ஆனால் ரெண்டல் அவர்மீது அதிக நேரம் செலவிடுவதில்லை. அவரைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது, அதனால் எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது. எழுத்தாளரின் கவனம் முழுவதும் வெக்ஸ்ஃபோர்ட்மீது இருக்கிறது. மருத்துவர் அகாண்டே வெக்ஸ்ஃபோர்டின் சொந்த மருத்துவர். அவர்மீது வெக்ஸ்ஃபோர்டுக்கு மரியாதை உண்டு. மகளைக் காணவில்லை என்று அவர் தனிப்பட்ட முறையில் உதவி கேட்கும்போது தட்டாமல் இறங்குகிறார். தம் மனத்திலும் இனப் பாகுபாடு ஒளிந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கும் அளவுக்கு நேர்மையானவரும்கூட.

அப்படியிருந்தும் தவறு நேர்ந்தது. எப்படி நேர்ந்தது என்று படிப்படியாகப் பார்த்தால் அதில் வெறுப்பின் சாயலே இல்லை. அந்த ஊரில் கறுப்பினத்தவர் மிகச் சிலர். அவர்களில் ஓர் இளம்பெண்ணைக் காணவில்லை. உடல் கிடைத்தபோது பொருத்தம் தானாகவே அமைந்துவிட்டது. காணாமல் போனவர் வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தால், முகம், உயரம், வயது, முடி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் பெற்றோரிடம் போயிருப்பார். இங்கே நிறம் ஒன்றே போதுமானதாகத் தோன்றிவிட்டது. நிறத்தைப் பார்த்ததும் கண் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது.

நல்ல எண்ணம் இருந்தால் பாகுபாடு வராது என்று நாம் நினைக்கிறோம். நல்ல எண்ணமும் கவனக்குறைவும் ஒரே மனத்தில் சேர்ந்து வாழ முடியும் என்று நாவல் காட்டுகிறது. சிறுபான்மையினராக வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்பில் இரண்டே இந்திய மாணவிகள். ஓர் ஆசிரியர் ஆண்டு முழுவதும் எங்கள் பெயர்களை மாற்றி மாற்றித்தான் அழைத்தார். எங்களுக்குள் உயரத்தில் அரை அடி வித்தியாசம், ஒருத்தி கண்ணாடி போட்டவள். அவர் அன்பானவர், தேர்வுக்கு முன் கூடுதல் வகுப்பு எடுத்தவர். அவரிடம் வெறுப்பு என்பதே கிடையாது. இருந்தாலும் அவருடைய கண்ணில் நாங்கள் இருவரும் ‘அந்த இந்திய மாணவி’யாகவே இருந்தோம். பெயர் மாறி அழைத்தது சின்ன விஷயம். அதே பழக்கம் ஒரு காவல்துறை அதிகாரியிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் ‘சிமிசோலா’.

நாவலுக்குப் பிறகு வந்த அறிக்கை

இந்த நாவல் வெளிவந்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 1993 ஏப்ரல் 22ஆம் தேதி இரவு, தென்கிழக்கு லண்டனில் எல்த்தம் என்ற பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவர் வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற கனவு அவருக்கு இருந்தது. காவல்துறையின் விசாரணை படுமோசமாக நடந்தது. கொலைக்காக இருவர் தண்டிக்கப்பட 2012 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த விசாரணை ஏன் தோற்றது என்று ஆராய்ந்த சர் வில்லியம் மெக்பெர்சனின் அறிக்கை 1999 பிப்ரவரியில் வெளியானது. 70 பரிந்துரைகள் கொண்ட அந்த அறிக்கை லண்டன் காவல்துறையில் ‘நிறுவனமயமான இனவாதம்’ இருப்பதாகக் கூறியது. அந்தச் சொல்லுக்கு அறிக்கை தந்த விளக்கம் முக்கியமானது. வேண்டுமென்றே செய்வதை மட்டும் அது குறிக்கவில்லை. தெரியாமல் கொள்ளும் முன்முடிவு, அறியாமை, யோசிக்காமை ஆகியவற்றையும் அது சேர்த்துக்கொண்டது. கொலை நடந்தபோது லாரன்ஸுடன் இருந்த நண்பர், பாதிக்கப்பட்டவராக நடத்தப்படாமல் வழக்கமான அச்சில் வைத்துப் பார்க்கப்பட்டார் என்பதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது.

லாரன்ஸ் வழக்கைத்தான் ரெண்டல் கதையாக்கினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கதைகள். ஆனால் ‘யோசிக்காமை’ என்ற சொல் அரசாங்க அறிக்கையில் ஏறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு துப்பறியும் நாவல் பிணவறைக் காட்சி ஒன்றில் அதைக் காட்டிவிட்டது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையை எத்தனை பேர் படிப்பார்கள்? புத்தகக் கடையில் பரபரப்பாக விற்கும் கொலைக்கதையைப் படிப்பவர்கள் பல மடங்கு அதிகம். பொழுதுபோக்கு நூலின் பலம் அதுதான்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவள்

கொலை செய்தது யார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் கொல்லப்பட்டவள் யார் என்பதைப் பற்றிப் பேசாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது. அதுவும் தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வரலாம்.

மெலனி இல்லை என்றால் இறந்தவள் யார்? யாரும் அவளைத் தேடவில்லை. காணவில்லை என்று யாரும் புகார் தரவில்லை. நவீன அரசாங்கம் மனிதர்களைப் பதிந்து வைக்கும் எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. பெயர் தெரியாத அவளுக்கு வெக்ஸ்ஃபோர்ட் தாமாக ஒரு பெயர் வைக்கிறார்: சோஜர்னர். அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் சோஜர்னர் ட்ரூத். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்ற பின் 1843இல் அந்தப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டு அடிமை முறைக்கு எதிராகப் பேசிய பெண்மணி. வெக்ஸ்ஃபோர்ட் வைத்த பெயர் பொருத்தமானதுதான் என்பது போகப்போகத் தெரிகிறது. அந்தப் பெண் வசதியான வீடு ஒன்றில் ஊதியமும் விடுமுறையும் இல்லாமல், அடி உதை பட்டு, வெளியே விடப்படாமல் வேலை செய்தவள். 1990களின் இங்கிலாந்தில், தோட்டமும் திரைச்சீலையும் உள்ள அழகான வீட்டில், ஓர் அடிமை.

இதை ரெண்டல் காற்றிலிருந்து பிடித்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் செல்வந்தர்களும் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் பிரிட்டிஷ் குடும்பங்களும் தங்கள் வீட்டுப் பணியாளரை உடன் அழைத்துவர அன்று பிரிட்டனில் தனிச் சலுகை இருந்தது. ஆனால் பணியாளர் வேறு முதலாளியிடம் போக முடியாது. கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு ஓடினால் அந்த நொடியே சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார். இப்படித் தப்பி வந்தவர்களுக்கு உதவவே லண்டனில் 1987இல் ‘கலயான்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியில் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள்.

போராட்டத்தின் பயனாக, முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருவதாக 1998இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. 2012 ஏப்ரலில் வேறோர் அரசாங்கம் அதைப் பறித்தது. 2015இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 2016இல் விசாவின் ஆறு மாத காலத்துக்குள் மட்டும் முதலாளியை மாற்றிக்கொள்ளலாம் என்று பாதி உரிமை திரும்பி வந்தது. நாவல் வந்து 30 ஆண்டுக்கு மேல் ஆகியும் அது பழையதாகாமல் இருப்பதற்கு இந்த வரலாறே காரணம்.

இந்த இடத்தில் நாவலின் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர்கின்றன. வெக்ஸ்ஃபோர்டின் தவறும் அந்த வீட்டின் கொடுமையும் ஒரே அளவு குற்றங்கள் அல்ல. ஒன்று கவனக்குறைவு, மற்றொன்று காட்டுமிராண்டித்தனம். ஆனால் கொடுமை மறைந்து வாழ்வதற்கு நிழல் தருவது அந்தக் கவனக்குறைவுதான். ஒரு பெண்ணை ‘ஏதோ ஒரு கறுப்பினப் பெண்’ என்று மட்டும் ஊர் பார்த்தால், அவளை வீட்டுக்குள் பூட்டி வைப்பவருக்கு வேலை எளிதாகிவிடுகிறது. அவள் யார் என்று யாருமே கேட்கப்போவதில்லை அல்லவா?

நியாயமான ஒரு குறை

இந்த நாவலை எல்லாரும் இப்படிப் பாராட்டமாட்டார்கள். அவர்கள் சொல்லக்கூடிய குறை என்னவாக இருக்கும் என்பதை நானும் யோசித்தேன். கதையின் மையமான பெண் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நமக்கு அறிமுகமாகும்போதே அவள் பிணம். அவளுடைய துன்பம் ஒரு வெள்ளைக்கார ஆணின் மனசாட்சியைத் திருத்தப் பயன்படுகிறது. எழுதியவரும் வெள்ளைக்காரப் பெண்மணி. இந்தக் கதையை நைஜீரியப் பின்னணியுள்ள எழுத்தாளர் எழுதியிருந்தால் அந்தப் பெண் பேசியிருப்பாள், பாடியிருப்பாள், கோபப்பட்டிருப்பாள்.

இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. கொலைக்கதையின் இலக்கணமே இறந்தவரின் வாயை அடைத்துவிடுகிறது. விசாரிப்பவர்தான் பேசுவார். ஆகவே வீட்டுப் பணியாளர்களின் வாழ்க்கையை அறிய இந்த ஒரு புத்தகம் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களே எழுதியவற்றையும் பேசியவற்றையும் தேடிப் படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ரெண்டல் இந்தக் குறையை உணராமல் எழுதியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் நாவல் முழுக்க நமக்குத் தெரியாது. அட்டையில் இருக்கும் சொல் எதைக் குறிக்கிறது என்றே பெரும்பாலான வாசகருக்குப் புரியாது. கதையின் இறுதியில்தான் அது அவளுடைய பெயர் என்று தெரிகிறது. வழக்கமாகத் துப்பறியும் நாவல் கடைசிப் பக்கங்களுக்கென்று ஒளித்து வைப்பது கொலைகாரரின் பெயரை. இங்கே அந்த இடம் இறந்தவளின் பெயருக்குத் தரப்படுகிறது. சிமிசோலா யொருபா மொழிப் பெயர். செல்வத்தில் இளைப்பாறு என்பது அதன் பொருள். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த ஆசை அது. அவளுக்குக் கிடைத்த வாழ்க்கையோ மற்றவர் செல்வத்தில் இளைப்பாற அவள் உழைத்தது. அவள் பேசவில்லைதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்ட பிறகு அவளை ‘அந்த உடல்’ என்று நம்மால் சொல்ல முடியாது.

எழுதியதோடு ரெண்டல் நின்றுவிடவும் இல்லை. 1997இல் தொழிற்கட்சி சார்பில் பிரிட்டிஷ் மேலவையில் உறுப்பினர் ஆனார். பெண் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்துக்கு எதிரான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மசோதாவை மேலவையில் முன்னெடுத்தவர் அவர். பின்னர் அதே பிரச்சினையை 2007இல் வந்த வெக்ஸ்ஃபோர்ட் நாவலில் கையாண்டார். 2015இல் காலமாகும் வரை எழுத்தும் பொதுவாழ்வும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

நம் வீட்டுக் கதவுக்கு உள்ளே

இது தூர தேசத்துக் கதை என்று சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாம் சொல்ல முடியாது. வீட்டுப் பணியாளர்களுக்கு நியாயமான வேலை நிலைமை வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆவது உடன்பாட்டை வாக்கெடுப்புக்கு விட்டபோது, பிரிட்டன் வாக்களிக்காமல் விலகி நின்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதே வரிசையில் நின்றன.

அதற்குப் பிறகு இங்கே மாற்றங்கள் வந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2013 முதல் இல்லப் பணிப்பெண்களுக்கு வாராந்தர ஓய்வுநாள் சட்டமானது. ஆனால் அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்ற வழியும் இருந்தது. 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயம் விட்டே ஆக வேண்டும், பணம் கொடுத்து ஈடு செய்ய முடியாது என்று விதி இறுகியது. சட்டம் படிப்படியாக முன்னேறுகிறது. ஆனால் சட்டம் நுழைய முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அது நாம் பார்க்கும் பார்வை.

நம் அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பேருக்கு எதிர்வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் தெரியும்? ‘மூணாம் வீட்டு மெய்ட்’ என்பதுதானே வழக்கம். அவர் இந்தோனீசியரா, மியன்மாரைச் சேர்ந்தவரா, நம் மொழியையே பேசும் தமிழ்நாட்டுக்காரரா என்பதுகூடப் பல வீடுகளில் கேட்கப்படாத கேள்வி. பணிப்பெண் மாறி வேறொருவர் வந்தாலும் பழைய பெயராலேயே அழைக்கும் வீடுகள் உண்டு. புதுப் பெயர் வாயில் நுழையவில்லை என்று சுருக்கி வேறு பெயர் வைப்பவர்கள் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கொடுமைக்காரர்கள் அல்லர். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் மருந்தகத்துக்கு அழைத்துப் போவார்கள். ஆனாலும் வெக்ஸ்ஃபோர்டின் கண்ணில் இருந்த அதே இருட்டுப் புள்ளி இங்கேயும் இருக்கிறது.

சிறுபான்மையினராக நாம் இந்தக் கதையில் அகாண்டே குடும்பத்தின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது இயல்பு. நம்மைச் சரியாகப் பார்க்காதவர்கள்மீது வரும் கோபம் நியாயமானது. ஆனால் நாவல் இரண்டு பெண்களைப் பற்றியது. மெலனிக்காகக் கோபப்படத் தாய் இருந்தார். அவர் படித்தவர், ஆங்கிலம் பேசுபவர், அதிகாரியைக் கண்ணுக்கு நேர் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர். சிமிசோலாவுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. நம்மைத் தவறாகப் பார்ப்பவர்களிடம் மெலனியின் தாயைப் போலப் பேச நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம். அந்தக் குரலை, பேச ஆளில்லாதவர்களுக்காகவும் பயன்படுத்துகிறோமா என்பதே என் தலைமுறைக்கு முன் உள்ள கேள்வி.

எப்படிப் படிக்கலாம்?

தொடரின் முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆனால் ‘சிமிசோலா’வை மட்டும் படிப்பதைவிட, அதற்கு முந்தைய வெக்ஸ்ஃபோர்ட் கதைகளில் ஒன்றிரண்டையாவது படித்துவிட்டு அதற்கு வந்தால் பிணவறைக் காட்சியின் அதிர்ச்சி முழுமையாகக் கிடைக்கும். அவரை நம்பியிருந்தால்தான் அவர் தவறும்போது வலிக்கும். பிறகு ‘ரோட் ரேஜ்’ (1997), ‘ஹார்ம் டன்’ (1999) ஆகியவற்றுக்குப் போகலாம். ஒன்று புறவழிச்சாலைக்கு எதிரான சுற்றுச்சூழல் போராட்டத்தையும் மற்றொன்று குடும்ப வன்முறையையும் தொடுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், கொலைக்கதை என்ற பெயரில் ஒரு நாட்டின் பத்தாண்டு மனநிலையையே படித்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசிப்புப் பட்டியல் தயாரிக்கும்போது துப்பறியும் நாவல்களை ‘ஓய்வுநேரப் புத்தகம்’ என்று ஓரங்கட்டிவிடாதீர்கள். ஆதாரத்தைச் சரிபார்ப்பதும், அவசரத்தில் முடிவுக்கு வராமல் இருப்பதும் நீங்கள் எங்களிடம் எதிர்பார்க்கும் பண்புகள்தானே? அவற்றை இந்த வகை நாவல் கதையாகவே கற்றுத்தருகிறது. அத்துடன், அந்தப் பண்புகளில் தேர்ந்த ஒருவரும் சறுக்கும் இடம் எது என்பதையும் ‘சிமிசோலா’ காட்டுகிறது.

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது அதைவிட எளிது. அடுத்த முறை மின்தூக்கியில் எதிர்வீட்டுப் பணிப்பெண்ணைப் பார்க்கும்போது, வணக்கம் சொல்லிவிட்டு அவருடைய பெயரைக் கேட்கலாம். அதைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளலாம்.